வைத்தியர் மரியா மொண்டிசோரியும் எங்கள் பிள்ளைகளின் கைகளும்

பிள்ளைக்கு மூன்று வயதானால், மொண்டிசோரிக்கு விட்டாயிற்றா என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். முன்பள்ளிக்கே அது பெயராகிவிட்டது. அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும் அவர் ஒரு வைத்தியர் என்பதும் எங்களுள் பலருக்குத் தெரியாது. மருத்துவபீடம் போன பிறகுதான் நாங்களும் அறிந்தோம்.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். மகள் மருத்துவம் படிப்பதில் தந்தைக்கு விருப்பமில்லை. தாய்தான் பக்கபலமாக நின்றார். ஆண் மாணவரோடு சேர்ந்து நின்று பெண்பிள்ளை உடற்கூறு படிப்பது முறையல்ல என்று கருதப்பட்ட காலம் அது. எல்லோரும் போனபின் மாலையில் பிரேதங்களோடு தனியே இருந்து படித்தார். முதலாம் வருடத்தில் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்துக்குள் நுழைந்த எங்களுக்கு, இதை வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார்.

பின்னர் உரோம் நகரின் மனநோயாளர் இல்லங்களுக்குப் போய்வந்தார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அங்கேதான் அடைபட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் தவழ்ந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்குகிறார்கள் என்று காவற்பெண் அருவருப்போடு முறையிட்டதாகச் சொல்வார்கள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறுஞ்சுவர், வெறுந்தரை. கையிலெடுத்துப் பார்க்க அந்தத் துணிக்கைகளைத் தவிர வேறொன்றுமில்லை. மற்றவர்கள் வயிற்றுப்பசி என்று கண்டதை அவர் கையின் பசி என்று கண்டார். இதைவிட நல்ல நோயறிதலை எங்கள் தொழிலில் நாங்கள் அதிகம் கண்டதில்லை.

1907 ஜனவரி 6ஆம் திகதி உரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதலாவது பாலர் இல்லம் திறந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவரையும் படியையும் பழுதாக்கித் திரிந்த ஏறக்குறைய 50 பிள்ளைகள் அங்கே சேர்ந்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அழுத்தமானதையும் சொரசொரப்பானதையும் தடவிப் பிரித்தார்கள். மண்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் வருடினார்கள். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கும் எங்களுக்கு இது புதுமையல்ல.

அவருடைய முறை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது விலையுயர்ந்த மரக்கட்டைகள். ஆனால் வெளிவெளி பற்றியும் அவர் உறுதியாக எழுதியிருக்கிறார். மழையில் ஓடவும், தேங்கிய தண்ணீரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கவும், பனி நனைந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கவும் பிள்ளைகளை விடவேண்டும் என்றார். சிறுபிள்ளையோடு உலாவப் போகும் பெரியவர், பிள்ளை நிற்குமிடத்தில் தானும் நிற்கவேண்டும் என்றார்.

அவருடைய சொந்த வாழ்வில் ஒரு நெடுந்துயரம் இருந்தது. 1898இல் மணமாகாமற் பெற்ற மகன் மாரியோவை வேறொரு குடும்பத்திடம் வளரவிட்டு, பதின்ம வயதில்தான் தன்னிடம் அழைத்துக்கொண்டார். 1939இல் இருவரும் சென்னை அடையாறு வந்து, ஓலைக் கொட்டகைகளில் ஏறக்குறைய 300 ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்க, பிரித்தானிய அரசு மாரியோவைப் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்தது. தாயின் 70ஆவது பிறந்தநாளுக்கு அவரை விடுவித்தார்கள். பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய்மார் எங்கள் வாசகிகளிலும் உண்டு. இதற்குமேல் நாங்கள் எழுதத் தேவையில்லை.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தபோது தாயும் மகனும் செடிகளையும் சிற்றுயிர்களையும் பிள்ளைகளின் பாடமாக்கினார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரட்ன அங்கே அவர்களுக்குத் துணையாயிருந்தார். 1944இல் மொண்டிசோரி இலங்கைக்கும் வந்தார். 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தில், வடகடலோர ஊரான நோர்ட்வைக்கில் காலமானார்.

அவர் வன்னிக்கு வந்தாரா என்று கேட்கவேண்டாம். வந்திருந்தால் ஒட்டுசுட்டானில் அவருக்குத் தளபாடமே தேவைப்பட்டிராது. பாலைமரத்தின் வெடித்த பட்டை, மருதமரத்தின் வழுவழுப்பு, உதட்டில் ஒட்டும் பாலைப்பழப் பால், முத்தையன்கட்டு வாய்க்காலின் குளிர், சிரட்டையில் குழைத்த மண்சோறு. எங்கள் தலைமுறைக்கு இவையெல்லாம் பாடம் என்று தெரியாமலே கிடைத்தன.

பிறகு வந்த பிள்ளைகளுக்கு நாங்கள் வேறு பாடம் சொன்னோம். நிலத்தில் கிடப்பதைத் தொடாதே, பற்றைக்குள் போகாதே, பாதையை விட்டு இறங்காதே. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்ற காலத்தில் அந்தச் சொல் உயிரைக் காத்தது. இன்றைக்கும் இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் பெரியவருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மார். கூட்டிப் பெருக்கிய தன் முற்றத்திலேயே கூழாங்கல் எடுக்கும் பிள்ளையைப் பார்த்து அதே குரலில் தொடாதே என்கிறார்கள். பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறார்கள். அது பயமற்ற பொருளாகத் தெரிகிறது.

வைத்தியராக நாங்கள் அறிந்ததைச் சொல்கிறோம். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு. மேடுபள்ளத்தில் நடக்கும்போது உடல் சமநிலை கற்கிறது. மண்ணைப் பிசையும்போது பிற்பாடு பென்சில் பிடிக்கப்போகும் தசைகள் பலப்படுகின்றன. கொழுக்கிப்புழுவும் எலிக்காய்ச்சலும் எங்கள் மண்ணில் இருப்பதை மறைக்கமாட்டோம். சேற்றுக்குச் செருப்பு வேண்டும், விளையாடி வந்ததும் சவர்க்காரம் வேண்டும், புழு மருந்தை நேரத்துக்குக் கொடுக்கவேண்டும். இந்த இடத்தில் மட்டும் அம்மையாரின் வெறுங்காலோடு நாங்கள் உடன்படவில்லை.

சென்ற மாதம் கிளினிக் வாசலில் ஒரு பெண்குழந்தை, மரத்தடியில் குந்தியிருந்து, காய்ந்த இலையொன்றைக் காதருகே வைத்து நொறுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முறை வந்துவிட்டது என்று தாய் கையைப் பிடித்து இழுத்தார். அடுத்தவரை முதலில் அனுப்பச் சொன்னோம்.