உழவர் நாவில் மொழி கண்டவர்

இலக்கணம் வகுத்தவர் என்றதும் பட்டங்கள் பல பெற்ற பேராசிரியர் ஒருவரே நம் மனக்கண் முன் தோன்றுவார். நார்வே நாட்டு ஈவார் ஓசனோ பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். அவருடைய வாழ்க்கை என்னைப் பெரிதும் கவர்ந்தது.

1813ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், மேற்கு நார்வேயில் எளிய உழவர் குடியில் ஓசன் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். பதினெட்டாம் வயதில் சிற்றூர் ஆசிரியரானார். கிடைத்த நூல்களைக் கொண்டு இலக்கணம் கற்றார்.

ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் டென்மார்க்குடன் பிணைந்திருந்த நார்வே, 1814இல் அப்பிணைப்பினின்று நீங்கியது. ஆயினும் ஏட்டில் டேனிய மொழியே நின்றது. உழவரும் மீனவரும் பேசியதைக் கற்றோர் பலர் கொச்சை என்று இகழ்ந்தனர். அது கொச்சையன்று, பண்டை நோர்ஸ் மொழியின் வழித்தோன்றல் என்று மெய்ப்பிக்கத் துணிந்தார் ஓசன். 1842 முதல் 1846 வரை ஊர் ஊராகச் சென்று சொற்களைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும், 1850இல் சுமார் 25,000 சொற்கள் கொண்ட அகராதியும் வெளிவந்தன.

அவர் வகுத்த எழுத்துமொழியின் பெயர் 'லான்ஸ்மோல்'. 'லான்' என்றால் நாடு. 'மோல்' என்றால் பேச்சு. இடையில் வரும் 'ஸ்', நம் இலக்கணம் கூறும் சாரியை போன்றது. இத்தகைய தொகைச்சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையிலேயே விழும். இடைக்காலத்தில் ஜெர்மானிய வணிகரோடு வந்து புகுந்த 'பெ' என்னும் முன்னொட்டோ அழுத்தம் ஏற்பதில்லை. தொடங்குதலைக் குறிக்கும் 'பெயின்னெ' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடுகிறது. ஓசன் அதனை விலக்கி, 'பிர்யா' என்ற நாட்டுச் சொல்லைக் கொண்டார். 'ஆன்' என்ற முன்னொட்டையும், 'ஹேத்', 'எல்செ' என்ற பின்னொட்டுகளையும் அவ்வாறே ஒதுக்கினார். பிற்காலத்தார் இந்நான்கையும் கோத்து 'ஆன்பெஹேதெல்செ' என்று வேடிக்கையாக ஒரு பெயரே புனைந்தனர். ஒட்டுகள் மட்டுமே உண்டு. பகுதியே இல்லாத சொல் அது!

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. அவர் விலக்கிய சொற்களுள் பல, உழவர் நாவிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கியவை. மக்கள் பேச்சே மொழி என்றவர், மக்கள் பேசியதிலேயே சிலவற்றைத் தள்ளலாமா? டேனியத்தின் நிழலில் தனித்து நிற்க வேண்டிய இளம் மொழிக்கு அவ்வேலி அன்று தேவைப்பட்டது என்பதே என் கருத்து. வேர் ஊன்றிய பின் வேலியைத் தளர்த்தலாம். பின்வந்தோர் அச்சொற்களுள் சிலவற்றை ஏற்றுக்கொண்டதும் அதனாலேயே எனலாம்.

1873இல் அவரது பேரகராதி வெளிவந்தது. 1885ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், நார்வே நாடாளுமன்றம் லான்ஸ்மோலுக்கு டேனிய வழி எழுத்துமொழியோடு சமநிலை அளித்தது. மணம் புரியாமலே வாழ்ந்த ஓசன், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மறைந்தார். 1929 முதல் அம்மொழி 'நீநோர்ஸ்க்', அதாவது புதிய நார்வே மொழி, எனப்படுகிறது. சிறுபான்மையோரே எழுதினும் அது அரசு ஏற்ற மொழியாய் இன்றும் வாழ்கிறது. இகழப்பட்ட பேச்சுக்குள் இலக்கணம் இருக்கிறது என்று காதுகொடுத்துக் கேட்ட ஒருவரின் உழைப்பால் விளைந்த பயன் அது.