நாமக்கல் கவிஞர் கண்ட கலையின் பயன்

திருச்சிற்றம்பலம்

திருக்குடமுழுக்குக்கு முன்னர்த் திருவுருவங்களுக்குக் கண் திறக்கும் சடங்கு நிகழ்வதை மெய்யன்பர்கள் அறிவர். மலையினின்று பெயர்த்த கல், உளியால் உருப்பெற்று, உறுப்பெல்லாம் நிறைந்த பின்னரும், கண் திறக்கும் வரையில் சிற்பமென்றே கருதப்பெறும். ஸ்தபதியார் கண் திறக்க, ஆசாரியர் மந்திர நீராட்ட, அது மூர்த்தியாகின்றது. கல்லுக்குக் கண் தந்தவர் சிற்பியார். அச்சிற்பியாருக்குக் கண் தந்தவர் யாவர்? கையில் தொழில் உடையார் ஒவ்வொருவரும் ஒருநாள் எதிர்ப்பட வேண்டிய வினா இது. இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்ற ஒருவர் நம் காவிரிக் கரையிலே தோன்றினார். ஓவியராகவும் பாவலராகவும் விளங்கிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்களே அவர்.

தேச விடுதலையைப் பாடிய கவிஞருக்குத் திருக்கோயில் மலரில் என்ன இடம் என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் நீங்குதற்கே அவர் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பாம்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரியின் கரையில் உள்ளது மோகனூர். அங்கே இறைவன் அசலதீபேசுவரர் என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியுள்ளார். அசலதீபம் என்பது அசையாத விளக்கு. காற்றடிக்கும் ஆற்றங்கரையில் அசையாத சுடரைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூரில், 1888-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள், வெங்கடராமனார்க்கும் அம்மணி அம்மையார்க்கும் எட்டாவது மகவாகப் பிறந்தார் கவிஞர். தந்தையார் காவல்துறையில் பணி செய்தவர். மைந்தர்க்கு வாய்த்ததோ இராமேசுவரத்து எம்பெருமானின் திருநாமம். நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்று, திருச்சிராப்பள்ளியில் கல்லூரிக் கல்வி பெற்றார்.

அவர் வளர்ந்த நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாக ஓங்கி நிற்கும் குன்றினை நாமெல்லாம் கண்டிருக்கின்றோம். ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன் அதியர் குலத்தார் காலத்தில் அக்குன்றைக் குடைந்து, நரசிங்கமும் வராகமும் உலகளந்த உருவமும் அரியும் அரனும் ஓருருவாய் நின்ற கோலமும் செதுக்கினர். அச்சிற்பிகள் பாறையிலே புதிதாக எதனையும் சேர்க்கவில்லை. வேண்டாதவற்றை விலக்கினர்; உருவம் வெளிப்பட்டது. மற்றையோர் பாறையைக் கண்ட இடத்தில் அவர்கள் உருவத்தைக் கண்டனர். கலைஞன் என்பான் முதற்கண் காண்பவன். செய்பவன் என்பது அதற்குப் பின்னரே.

இளமையிலேயே ஓவியத்தில் இயற்கையாகவே கைவந்த திறம் இராமலிங்கனாருக்கு இருந்தது. அவர் வரைந்த முதற் படம் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் திருவுருவம் என்பர். சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகவும், பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் இருந்த அவருக்கு, ஓவியமே பிழைப்பும் புகழும் தருவதாயிற்று. 1911-இல் தில்லியில் நிகழ்ந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுத் தர்பாரையொட்டி அரச குடும்பத்தாரின் உருவத்தைத் தீட்டிப் பொற்பதக்கமும் பெற்றார். இருபத்து மூன்று வயது இளைஞர்க்கு இதனினும் பெரிய பேறு அந்நாளில் யாது? அவ்வழியே சென்றிருப்பின் பொருளும் பட்டமும் பெருகியிருக்கும். ஆயின், கை வண்ணத்தைத் தீட்டிய அந்நாளில் அவர் உள்ளம் நாட்டின் நிலையைக் காணத் தொடங்கியிருந்தது. முதலில் திலகரும் பின்னர்க் காந்தியடிகளும் அவ்வுள்ளத்தை ஆட்கொண்டனர்.

இடையே பாரதியாரைக் கானாடுகாத்தானில் கண்டார். வந்தவர் ஓவியர் என்று அறிந்த பாரதியார், அவர் தம்மை ஓவியத்தில் தீட்டுவாராயின் தாம் அவரைக் காவியத்தில் தீட்டுவதாக விளையாட்டாக உரைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. விளையாட்டுரையேயாயினும் அதன்கண் ஓருண்மை உண்டு. வண்ணமும் சொல்லும் கருவிகளே. அவற்றின் வாயிலாக வெளிப்படுவது ஒன்றே. ஓவியரைப் பாவலராக்கியது கருவியின் மாற்றமேயன்றிக் கண்ணின் மாற்றம் அன்று.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்து, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜி அவர்கள், ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தார். அத்தொண்டர்கள் வழிநெடுகப் பாடிச் செல்லக் கவிஞர் நடைப்பாட்டொன்று இயற்றித் தந்தார். படைக்கலமும் குருதியும் இல்லாத ஒரு போரினை அப்பாட்டு அறிவித்தது. தடியடிக்கு அஞ்சாமல் நடந்தவர்க்கு அதுவே துணையாயிற்று. எந்த மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டிப் பதக்கம் பெற்றாரோ, அம்மன்னரின் ஆட்சியிலேயே 1932-இல் ஓராண்டு சிறைத் தண்டனையும் ஏற்றார். பதக்கம் தந்த அரசே விலங்கும் தந்தது. இரண்டினாலும் அவர் அசைந்திலர். மோகனூர் விளக்கின் பெயர் அவர்பால் பொருளுடையதாயிற்று.

இனி, அவர் வாழ்வின் உட்பொருளைச் சித்தாந்தத்தின் துணைகொண்டு நோக்குவாம். குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம். தண்டும் திகிரியும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும். இது நம் ஆசிரியர் துணிபு. ஆதலின், ஓவியன் புதிதாகப் படைத்தேன் என்று தருக்குதற்கு இடமின்று. மண்ணும் வண்ணமும் அவன் செய்தன அல்ல. கைத்திறனும் அவன் விலைக்குக் கொண்டது அன்று. காணுதலும் அத்தகையதே. கண் தானே காணமாட்டாது. உயிர் உடன் நின்று காட்டவே காணும். உயிரும் தானே அறியமாட்டாது; இறைவன் உடன் நின்று காட்டியும் கண்டும் உபகரிக்கவே அறியும். இதனைச் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் நிலைநாட்டியருளினார்.

இப்பேருண்மையைக் கவிஞர் சாத்திர நடையில் எழுதவில்லை. சிறு பிள்ளைகளும் பாடத்தக்க எளிய பாட்டாகத் தந்தார். ஞாயிறும் திங்களும் யாரால் இயங்குகின்றன, விதையின்றிப் புல் முளைப்பது எங்ஙனம், கண்ணுக்குப் புலனாகாத கருவை வயிற்றில் வளர்ப்பவர் யாவர் என அடுக்கடுக்காக வினவி, அவ்வொரு பொருளைப் பல சமயத்தாரும் பல பெயரால் அழைப்பர் என்றும், அதனை நினைந்து யாவரும் அன்பு செய்து வாழ்தலே தக்கது என்றும் முடிக்கும் அப்பாடலைப் பள்ளிகளில் பயிலாத தமிழ்ப் பிள்ளைகள் சிலரே. உலகின் தோற்றம் கண்டு அதன் கருத்தாவை உணர்க என்பதன்றோ சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம்? மடத்தில் ஆண்டு பல அமர்ந்து நாம் கற்ற பாடத்தை, அவர் பள்ளித் திண்ணையில் வைத்தார். ஓவியர் கண்ணுக்கு வண்ணம் தெரிந்தது; பக்தர் உள்ளத்துக்கு வண்ணம் தீட்டியவன் தெரிந்தான்.

பின்னாளில் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். மலைக்கள்ளன் என்னும் அவருடைய புதினம் 1954-இல் திரைப்படமாக வந்தது. திருக்குறளுக்குப் புத்துரை கண்டார். தம் வரலாற்றையும் எழுதிவைத்தார். 1971-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஆங்கிலேயர் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டையினுள்ளே, தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டிடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

வாழ்வின் பயன் யாது என வினவுவார்க்கு இவ்வரலாறு கூறும் விடை ஒன்றே. உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் உயிர்க்கு இறைவன் தந்தவை. தந்தவனை மறந்து அவற்றைக் கொண்டு புகழ் தேடின், அவை கட்டாகும். தந்தவன் குறிப்பறிந்து பிறர்க்குப் பயன்படுத்தின், அவையே வழிபாடாகும். கவிஞர் தம் கையை அரசர்க்கு விற்றிருக்கலாம், நாட்டுக்கு அளித்தார்.

இத்திருப்பணிக்குக் கல் தந்தோரும், பொன் தந்தோரும், களத்து நெல் தந்தோரும், பொருளின்மையால் தோள் தந்தோரும் அவ்வழியே நின்றவர்கள். விமானத்தின் மேல் புனித நீர் சொரியும் வேளையில் அண்ணாந்து நோக்கும் ஒவ்வொரு கண்ணும், காட்டுகின்றவன் உள்நின்று காட்டவே காண்கின்றது என்பதனை நினைவில் இருத்துவோமாக. அந்நினைவு உள்ளார்க்கு உழவும் தறியும் உளியும் எழுதுகோலும் யாவும் சிவபூசையே.

வாழ்க சீரடியார். வளர்க திருப்பணி.

திருச்சிற்றம்பலம்