எல்லாளன் கட்டிய மணி

தூக்குத் தண்டனை வேண்டுமா என்று பெங்களூரில் நம் மன்றத்து நண்பர்கள் வாதிடும்போதெல்லாம், யாரேனும் ஒருவர் மனுநீதிச் சோழனைத் துணைக்கு அழைப்பது வழக்கம். கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்டவன் அன்றோ அவன்! அதே கதை ஈழத்து எல்லாளன் மீதும் வழங்குகிறது. அங்கே அதற்கு மறுபக்கமும் உண்டு.

சோழநாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற எல்லாளன், அசேலனை வென்று அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான்; ஏறத்தாழக் கி.மு. 205 முதல் 161 வரை. அவனை வீழ்த்திய துட்டகைமுனுவைப் போற்றும் பாளி நூலாகிய மகாவம்சமே, நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒரே நீதி வழங்கியவன் அவன் என்று சான்று தருகிறது. பகைவர் ஏட்டில் கிடைத்த புகழ் சிறிதன்று.

அவன் அமைத்த கருவி மிக எளியது. படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி; அதிலிருந்து வெளியே நீளும் ஒரு கயிறு. பௌதிகம் பயிலும் எனக்கு இதில் தனி வியப்பு. கயிறு குலத்தைக் கேட்பதில்லை, மொழியைக் கேட்பதில்லை. இழுவிசை ஒன்றையே அறியும். அகால மழையில் அரிசி நனைந்த கிழவி இழுத்தாள். குஞ்சைப் பாம்புக்குப் பறிகொடுத்த பறவை இழுத்தது. கன்றை இழந்த பசுவும் இழுத்தது. பசுவின் பொருட்டுத் தன் ஒரே மகனின் தலையை அதே தேர்ச் சக்கரத்தால் துணிக்கச் செய்தான் அரசன்.

பிறிதொரு நாள், துறவிகளை அழைக்கச் சேதிய மலைக்குச் சென்றபோது அவன் தேரின் நுகத்தடி ஒரு தூபியில் மோதிற்று. உடனே இறங்கிச் சாலையில் படுத்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு பணித்தான். அமைச்சர்கள் இணங்கவில்லை, தூபியைச் செப்பனிட்டால் போதும் என்றனர். பெயர்ந்தவை 15 கற்கள். 15,000 காசு செலவிட்டு அவற்றைச் சீர்செய்தான்.

இந்த அமைச்சர்கள் கன்றின் வழக்கில் எங்கே போயிருந்தார்கள்? தந்தைக்குக் கிடைத்த மாற்றுவழி மகனுக்கு ஏன் கிடைக்கவில்லை? கல் மீண்டும் தன் இடத்தில் ஏறிவிட்டது. இளவரசன் மீளவில்லை, கன்றும் மீளவில்லை. குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் கருணை மனுவும், நம் அரசியலமைப்பின் 72ஆம் பிரிவு தொங்கவிட்ட கயிறுதான். அது எட்டாத கைகள் எத்தனை என்று மன்றத்தில் கேட்டால் என் நண்பர்கள் சினப்பார்கள், கேட்கத்தான் போகிறேன். எல்லாளன் ஆண்ட இலங்கையில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. சட்டம் மட்டும் ஏட்டில் நிற்கிறது.

அநுராதபுரத்துத் தெற்கு வாயிலருகே, யானைமேலிருந்து துட்டகைமுனுவோடு பொருது எல்லாளன் வீழ்ந்தான். வென்றவன் அவ்விடத்திலேயே அவனுக்கு எரியூட்டி, நினைவுச் சின்னம் எழுப்பி, வழிபாடு நடத்தவும் ஆணையிட்டான். நூற்றாண்டுகள் கழித்தும் அவ்வழியே சென்ற அரசர்கள் அங்கு வந்ததும் மேளத்தை நிறுத்தி நடந்தார்கள் என்கிறது மகாவம்சம்.