கட்டு இறுகினால் கை ஏன் மடங்கிப்போகிறது? ஃபோல்க்மான் என்ற டாக்டரின் கதை

விளையாடும்போது கையை ஊன்றி விழும் குழந்தைக்கு, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது ரொம்ப சாதாரணம். 5 முதல் 7 வயதுக்குள்தான் இது அதிகம். பெரும்பாலான குழந்தைகளுக்கு முழுசாகக் குணமாகிவிடும். சிலருக்கு மட்டும் சில வாரங்களில் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கி, விரல்கள் பறவை நகம்போல் வளைந்து நின்றுவிடும். டாக்டர் சீட்டில் ‘ஃபோல்க்மான் கான்ட்ராக்சர்’ என்று எழுதியிருக்கும்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான். 1830-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். அப்பா ஆல்ஃபிரட் உடலியல் பேராசிரியர். எலும்புக்குள் ஓடும் நுண்ணிய ‘ஃபோல்க்மான் கால்வாய்’ அப்பாவின் பெயரில் இருப்பது. கூகுளில் தேடினால் ரெண்டு பேரும் கலந்துதான் வருவாங்க, கவனம்.

1867-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். 1870-71 பிரான்ஸ் போரில் ராணுவ மருத்துவராகப் போனவர், அங்கிருந்து வீட்டுக்குக் குழந்தைக் கதைகள் எழுதி அனுப்பினார். ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் 1871-இல் அவை புத்தகமாக வந்தன. ஜெர்மனியில் பல தலைமுறைக் குழந்தைகள் வாசித்த புத்தகம் அது. அவங்களில் நிறைய பேருக்கு எழுதியவர் சர்ஜன் என்பதே தெரிந்திருக்காது.

போர் முடிந்து திரும்பியபோது ஹாலே மருத்துவமனை வார்டுகள் சீழ்பிடித்த காயங்களால் நிறைந்திருந்தன. 1872-இல் லிஸ்டரின் கார்பாலிக் அமில முறைக்கு மாறினார். ஜெர்மனியில் அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் இவர். 1873-இல் தன் கிளினிக்கில் நடந்ததை அறிக்கையாகவே தொகுத்து வெளியிட்டார். தரவுகளோடு வேலை செய்யும் எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமான கட்டுரை 1881-இல் வந்தது. கட்டுப் போட்ட பிறகு கை செயலிழந்தால், நரம்பு அழுந்திவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஃபோல்க்மான் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். நரம்பு கெட்டால் முதலில் கை தளர்ந்து தொங்கும். விறைப்பு வர நாளாகும். இங்கே செயலிழப்பும் விறைப்பும் ஒன்றாகவே வருகின்றன. அப்படியானால் கெட்டது தசையேதான் என்றார். இறுக்கிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது, ஆக்ஸிஜன் இல்லாமல் தசை சாகிறது, செத்த இடம் தழும்பாகிச் சுருங்குகிறது.

இதைப் புரிஞ்சுக்க ஒரு எளிய சோதனை உண்டு. பாதிக்கப்பட்ட கையின் மணிக்கட்டை மடக்கினால் விரல்கள் கொஞ்சம் நீளும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் மறுபடி சுருண்டுகொள்ளும். கயிறு குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் பழியை முழுக்கக் கட்டின் மேலேயே அவர் போட்டது பாதி சரிதான். கட்டே போடாத கையிலும் இது வரலாம். முன்கைத் தசைகளைச் சுற்றி நீளாத ஒரு உறை இருக்கிறது. உள்ளே வீங்கினால் விரிய இடமில்லாமல், அழுத்தமே ரத்தத்தை நிறுத்திவிடும். இறுக்கிய கட்டு அதை இன்னும் மோசமாக்கும். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்குவதை நாம திட்டுறோம். ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் இறுகினால் அதே கதிதான்.

ஃபோல்க்மான் 1889-இல் யெனாவில் இறந்தார். சுருங்கிய கைக்கு நல்ல ஆபரேஷன் எதுவும் அவர் காலத்தில் வரவில்லை. 1923-இல்தான் மேக்ஸ் பேஜ் என்ற பிரிட்டிஷ் சர்ஜன், தசையை அது எலும்பில் தொடங்கும் இடத்திலிருந்து பிரித்து கீழே நகர்த்தும் முறையை விவரித்தார். நீளம் கிடைக்கும், விரல் நிமிரும். மடக்கும் தசையே செத்துப்போன கைக்கு அது போதாது. 1973-இல் ஷாங்காய் மருத்துவர்கள் மார்புத் தசையை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்து மைக்ராஸ்கோப் வழியாக முன்கையில் இணைத்தார்கள். இப்போது பெரும்பாலும் தொடைத் தசையை எடுக்கிறார்கள். பிடிமானம் ஓரளவு திரும்பும். பழைய கை திரும்பாது.

அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியம். ரத்தம் போகாத தசை ஏறக்குறைய 6 மணி நேரத்தில் மீளமுடியாத நிலைக்குப் போய்விடும். அதற்குள் உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்கணும். இதற்குப் பெயர் ஃபாஸியாட்டமி. சின்னக் குழந்தைக்கு எங்கே வலி என்று சொல்லத் தெரியாது. கட்டுப் போட்ட பிறகும் அழுகை கூடிக்கொண்டே போகிறதா, வலி மருந்து கேட்கவில்லையா, விரலை மெதுவாக நீட்டினாலே துடிக்கிறதா என்று பாருங்க. மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று நம்பி உட்காராதீங்க. நாடி இருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். காலை வரை பொறுக்காமல், ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்லுங்க. மேலே உள்ள மாவை மட்டும் வெட்டினால் பத்தாது, உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டணும்.