ரப்பர் பாலும் தங்கத் தண்ணீரும்: யார் இந்த ரிச்சர்ட் சிக்மொண்டி?

ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. மங்கில் சேர்ந்த பால் வாளிக்கு வரும். ஸ்டோரில் ஆசிட் கலப்பாங்க. பால் கட்டியாகிவிடும்.

ஏன்? ரப்பர் பால் ஒரு கரைசல் அல்ல. தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய ரப்பர் துகள்கள்தான் அது. அவற்றின் மின்னூட்டம் ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆசிட் பட்டதும் அது குறைந்து, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். சாதாரண மைக்ராஸ்கோப்புக்குப் பிடிபடாத கூழ்மத் துகள்களையும் பார்க்க வழி செய்தவர் ரிச்சர்ட் சிக்மொண்டி.

1865இல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர். மகனுக்கு 15 வயதானபோது இறந்துவிட்டார். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற சிக்மொண்டியை, கண்ணாடி, பீங்கான் மீது பூசும் மெல்லிய தங்கப் பூச்சின் நிறங்கள் ஈர்த்தன. அதிலிருந்து தங்கத்தைத் தண்ணீரில் கலக்கும் ஆய்வுக்குப் போனார். தண்ணீர் மஞ்சளாகவில்லை, மாணிக்கச் சிவப்பானது! (மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதைச் செய்திருந்தார். சிக்மொண்டிக்கு அது தெரியாது, பாவம்.)

அந்தச் சிவப்பு நீரில் தங்கம் கரைந்திருக்கிறதா, துகளாக மிதக்கிறதா? 1898இல் அதைக் கரைசல் என்றே எழுதினார் சிக்மொண்டி. துகள்தான் என்றவர்களோடு வாதாடவும் செய்தார்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஷாட் கண்ணாடி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1900இல் அதை விட்டுவிட்டு இந்த ஆய்விலேயே இறங்கினார். ஸைஸ் நிறுவனத்தின் சீடன்டாப்ஃபுடன் சேர்ந்து அல்ட்ராமைக்ராஸ்கோப்பை உருவாக்கினார். 1903இல் அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. யோசனை எளிது. கூரை ஓட்டை வழியே வரும் வெயிலில் தூசு மின்னுவதைப் பார்த்திருப்பீங்க. அதேபோல, ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினார். இருட்டுப் பின்னணியில் துகள்கள் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தன. வடிவம் தெரியாது, ஆனால் எண்ணலாம். கலந்த தங்கத்தின் எடை தெரிந்தால் ஒரு துகளின் அளவைக் கணக்கிடலாம். சுமார் 10 நானோமீட்டர் துகள்கூட சிக்கியது.

சிவப்பு நீரிலும் புள்ளிகள் ஆடின. அவரது கருவியே அவரது பழைய வாதத்தை உடைத்தது. அதை மறைக்காமல் வெளியிட்டார் என்பதுதான், என்னைக் கேட்டால், பெரிய விஷயம்.

1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே, கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வடிகட்டிகளையும் உருவாக்கியிருந்தார். குடிநீரில் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க, ஆய்வுக்கூடங்கள் அந்த வகை வடிகட்டியை இன்றும் பயன்படுத்துகின்றன. 1929இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சில மாதங்களில் காலமானார்.