மாட்டுக்கும் மண்ணுக்கும் கணக்கு எழுதியவர்



நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது என் வேலை. இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாங்க என்று கேட்டதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஜே.சி. குமரப்பா ஐயாதான். அவரும் கணக்கு எழுதியவர். டி.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். அவர் கடைசிக் காலத்தில் இருந்த இடம் அதுதான்.

அவர் 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் தணிக்கைப் படிப்பு படித்து, பம்பாயில் கணக்குத் தணிக்கை செய்து நல்லா சம்பாதித்தார். கோட்டு, சூட்டு, வசதியான வாழ்க்கை. பிறகு அமெரிக்கா போய் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். நம் நாடு ஏன் ஏழையாக இருக்கிறது என்று அங்கே கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு உண்மை பிடிபட்டது. வெள்ளைக்காரன் வரி வாங்கும் முறையிலும் செலவு செய்யும் முறையிலும்தான் நம் சனங்களின் ரத்தம் போகிறது என்று தெரிந்துகொண்டார்.

1929-ல் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சாணி மெழுகிய தரையில், மரத்தடியில் ஒரு வயசானவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி. விலை உயர்ந்த உடுப்போடு குமரப்பாவும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவே இல்லை. கதர் கட்டினார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய், ஒரு விவசாயிக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதி எடுத்தார்.

கணக்கில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரணப் பணத்தின் கணக்கு இவர் கையில். காந்தி அங்கே வந்தபோது, அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் ஆகிற செலவை அந்தப் பணத்திலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார். குழுப் பணத்தைக் கையில் வைத்திருக்கிற நமக்கு இது பெரிய பாடம்.

அதே 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. அதற்கு இவர்தான் செயலாளர். வார்தாவில் இருந்துகொண்டு செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ, காகிதம் என்று ஒவ்வொரு தொழிலையும் ஆராய்ந்தார். ஊர்ச் செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணி நிலத்துக்கு. எதுவும் ஊரை விட்டுப் போகாது. அந்தக் கடலை வெளியூர் மில்லுக்குப் போனால் எண்ணெய் மட்டும் விலைக்குத் திரும்பி வரும். மாடும் மண்ணும் பட்டினி. டிராக்டர் உழும், ஆனால் சாணி போடாது என்பதும் அவர் வாதம்.

1942 போராட்டத்தில் சிறைக்குப் போனார். அங்கே இருந்தபோது எழுதியதுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய பேர்பெற்ற புத்தகம். நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் பூமியின் இருப்பு. எடுக்க எடுக்கத் தீரும். பயிர், மாடு, மரம், ஓடுகிற தண்ணீர் எல்லாம் வந்துகொண்டே இருக்கிற வரவு. வரவில் வாழ்ந்தால் நிலைக்கும், இருப்பைத் தின்றால் நிலைக்காது என்பது அதன் சாரம். தேனீக்கள் கூட்டத்துக்காக உழைப்பதை அவர் உயர்வாகச் சொன்னார். அதையும் விட உயர்வாக, கூலி எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற தாய்ப்பறவையைச் சொன்னார்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டு இரண்டு பசுவையும் வித்துப்புடலாம் என்று சொன்னவளே நான்தான். விடியக்காலை நாலு மணிக்குச் சாணி அள்ளுவது நான், தட்டை அறுப்பது நான், பால் கறப்பது நான். பால் காசு தவிட்டுக்கும் புண்ணாக்குக்குமே சரியாகிவிடுகிறது. என் மாமியார் மட்டும் விற்கக் கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க.

குமரப்பா ஐயா மாதிரி நானும் ஒரு வருஷம் நோட்டுப் போட்டேன். பால் மட்டுமில்லை, சாணியையும் எழுதினேன். வருஷத்துக்கு இரண்டு டிராக்டர் குப்பை சேர்ந்தது. அதை ஒன்றரை ஏக்கர் கரிசலில் போட்டு மக்காச்சோளம் விதைத்தோம். மூணு மூடை உரம் வாங்கின இடத்தில் ஒரு மூடை போதுமாக இருந்தது. மழை தள்ளிப்போனபோதும் அந்த நிலம் சீக்கிரம் வெடிக்கவில்லை. அந்த மண்ணுக்கு வந்த லாபத்தை நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வரியும் எழுதினேன். என் உழைப்பு, தினமும் மூணு மணி நேரம். நோட்டைப் பார்த்த வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து சாணி அள்ளுவது அவர் வேலை. பசுக்கள் கொட்டத்தில்தான் இருக்கின்றன.

குமரப்பா ஐயா உடம்பு முடியாமல் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அவர் சுவரில் ஒரு ஏழை விவசாயியின் படம் இருந்தது. காந்தி தன் குரு என்றால், இவர் அந்தக் குருவுக்கும் குரு என்று வருகிறவர்களிடம் காட்டுவாராம். 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

சகோதரிகளே, மாட்டுக் கடன் கேட்டு மனு எழுதும்போது நாம் பாலை மட்டும்தான் வரவில் காட்டுகிறோம். இனிமேல் சாணியையும் எழுதுவோம். அதை அள்ளுகிற கைக்கும் ஒரு வரி எழுதுவோம்.