மிதிவண்டி கற்பித்த வணிகர்

நுழையும்முன்

கொல்கத்தாவின் மகாத்மா காந்தி சாலைக்கு முன்பு ஹாரிசன் சாலை என்று பெயர். அங்கே மிதிவண்டிக் கடை நடத்திய ஒருவர், தம் நண்பர்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கைவிட்ட கனவு

ஹேமேந்திர மோகன் போஸ் 1864ஆம் ஆண்டு, இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த மைமன்சிங் பகுதியில் பிறந்தார். மருத்துவராக விரும்பிக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் அமிலம் தெறித்து அவர் கண்ணில் பட்டது. நெடுநாள் சிகிச்சைக்குப் பின் பார்வை தப்பியது. மருத்துவப் படிப்போ அத்துடன் நின்றது.

அவர் சோர்ந்துவிடவில்லை. வாசனைப் பொருள்கள் செய்யும் தொழிலில் இறங்கினார். அவருடைய 'குந்தலின்' என்னும் கூந்தல் தைலம் வங்காளம் எங்கும் புகழ்பெற்றது. அதன் பெயரால் சிறுகதைப் போட்டி ஒன்றையும் நடத்தினார். 1896ஆம் ஆண்டு அப்போட்டியில் பரிசு பெற்றவர், அறிவியல் அறிஞர் ஜகதீச சந்திர போஸ். இரவீந்திரநாத் தாகூரின் குரலை ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட பெருமையும் ஹேமேந்திர மோகனுக்கு உண்டு.

புதிய ஊர்தி

அக்காலத்தில் செல்வர்கள் குதிரை வண்டியிலும் பல்லக்கிலும் சென்றனர், எளியோர் நடந்தனர். தீவனம் கேளாத ஓர் ஊர்தி எல்லார்க்கும் தேவைப்பட்டது. தொடக்கக் கால மிதிவண்டி அத்தேவைக்கு உதவவில்லை. அதன் முன்சக்கரம் ஆளுயரத்தை நெருங்கியது. ஏறுவது அரிது, தலைகுப்புற விழுவது எளிது. 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களையும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியையும் கொண்ட 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை பெற்றார். கெட்டி ரப்பர் டயர் ஒவ்வொரு கல்லின் அதிர்ச்சியையும் ஓட்டுநரின் உடலுக்குக் கடத்தியது. காற்று அதனைத் தாங்கிக்கொண்டது.

ஹேமேந்திர மோகன் தம் உடன்பிறந்தாருடன் ஹாரிசன் சாலையில் தொடங்கிய கடையில் ரோவர் மிதிவண்டிகளை விற்றார். இந்தியர் ஒருவருக்கு உரிமையான முதல் மிதிவண்டி நிறுவனம் அதுவே என்பர்.

பன்னிரண்டு மாத வண்டி

கொல்கத்தாவில் ஆண்டு முழுவதும் ஓட்டுவதற்குரிய வண்டியைத் தேர்வது எளிதன்று. ஆனி முதல் புரட்டாசி வரை மழைநீர் தெருவில் தேங்கும், சேறு தெறிக்கும், சங்கிலி துருப்பிடிக்கும். டிராம் தண்டவாளத்தின் இடுக்கில் மெல்லிய டயர் சிக்கினால் வண்டி கவிழும். மிக அகன்ற டயரோ மிதிப்பவரைக் களைப்படையச் செய்யும். ஆகவே நடுத்தர அகலமே அன்றாடப் பயணத்திற்கு ஏற்றது. இந்தியாவில் பின்னர்ப் பரவிய உறுதியான வண்டிகளின் டயர் 28 அங்குல விட்டமும் 1½ அங்குல அகலமும் உடையது. சேற்றைத் தடுக்கும் மட்கார்டும், சங்கிலியை மூடும் உறையும், ஈரத்தரையைப் பற்றும் வரிப்பள்ளமுள்ள டயரும் அழகுக்காக அமைந்தவை அல்ல, மழைக்காக அமைந்தவை.

மூத்த மாணவர்கள்

புதிய ஊர்தியைக் கண்டு மக்கள் தயங்கினர். விற்பதோடு தம் கடமை முடிந்ததென ஹேமேந்திர மோகன் கருதவில்லை. ஜகதீச சந்திர போஸ், வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், மருத்துவர் நீலரத்தன் சர்க்கார் ஆகியோருக்கு அவரே மிதிவண்டி ஓட்டக் கற்பித்தார். மூவரும் அவரினும் வயதில் மூத்தவர்கள், அறிவால் உயர்ந்தவர்கள். ஆயினும் மிதிவண்டியின் முன் அவர்களும் தொடக்க நிலை மாணவர்களே. தாம் அடைய முடியாத மருத்துவர் பட்டத்தைப் பெற்ற ஒருவருக்கும் ஹேமேந்திர மோகன் பொறாமையின்றி ஆசிரியரானார்.

1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையால் சுதேசி இயக்கம் வலுப்பெற்றது. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேரான தேசியக் கல்விக் கழகம் 1906இல் அவ்வியக்கத்தில்தான் தோன்றியது. இந்தியரும் தொழில் நடத்த இயலும் என்பதை ஹேமேந்திர மோகனின் வாழ்வும் மெய்ப்பித்தது. அவர் 1916ஆம் ஆண்டு மறைந்தார். ஒரு வழி அடைபட்டபோது வேறு வழி கண்ட அவர், அவ்வழியில் பிறரையும் உடன் அழைத்துச் சென்றார்.

சொல்லும் பொருளும்

ஊர்தி – வாகனம்
மெய்ப்பித்தது – உண்மை எனக் காட்டியது
இடுக்கு – குறுகிய இடைவெளி

பயிற்சி

1. ஹேமேந்திர மோகனின் மருத்துவப் படிப்பு ஏன் நின்றது?
2. காற்றடைத்த டயர், கெட்டி ரப்பர் டயரினும் சிறந்தது ஏன்?
3. உம் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள சாலைக்கு எத்தகைய மிதிவண்டி ஏற்றது? ஐந்து தொடர்களில் எழுதுக.